முப்பதடி ராட்சசன் ஏன் பொம்மை மாதிரி தெரிகிறான்?

ஃபேன்டஸி சண்டைப் படம் எது வந்தாலும் விமர்சனத்தில் 'சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) சொதப்பல்' என்று ஒரு வரி வந்துவிடும். தப்பில்லை, பல நேரம் உண்மையும்கூட. ஆனால் கம்பாசிட்டிங், அதாவது தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே ஷாட்டாக இணைக்கும் வேலை, பார்ப்பவன் கண்ணுக்கு அங்கே தோலோ முடியோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிக்கல் அளவில்தான். கதை முப்பதடி என்கிறது, கண் மூன்றடி என்கிறது.

கண் முதலில் பார்ப்பது வேகத்தை. நடக்கும் கால் ஏறக்குறைய ஓர் ஊசல். நீளம் நாலு மடங்கானால் ஆடும் நேரம் இரண்டு மடங்காகும். அப்படியென்றால் 24 அடி ராட்சசன் ஓர் எட்டு வைக்க, ஆறடி மனிதனைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்க வேண்டும். அனிமேட்டர் அப்படித்தான் செய்து அனுப்புவார். எடிட்டிங்கில் "லேக் அடிக்குது, கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்க" என்பார்கள். ஏற்றியதும் ராட்சசன் சுருங்கிவிடுவான். அப்புறம் தோலுக்கு எத்தனை சுருக்கம் வரைந்தாலும் பயனில்லை.

சிறிய மாதிரிகளை வைத்துப் படமெடுத்த மினியேச்சர் காலத்துக் கணக்கும் இதேதான். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த கோட்டை இடிவதை வினாடிக்கு 24க்குப் பதில் 96 பிரேம் வேகத்தில் எடுப்பார்கள்; திரையில் நாலு மடங்கு மெதுவாக இடிவதால் பெரிதாகத் தெரியும். தண்ணீர் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. துளி சிறிதாகாதே! மினியேச்சர் வெள்ளத்தில் கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் தெறிக்கும்.

அடுத்தது காற்று. இடையில் இருக்கும் காற்றால் தூரத்துப் பொருளின் கறுப்பு வெளுத்துத்தான் தெரியும். மலைமேல் இருக்கும் கோட்டையின் நிழல், முன்னால் நிற்கும் வீரனின் தலைமுடியைவிட அடர்கறுப்பாக இருந்தால் ஷாட் வெட்டி ஒட்டியதாகிவிடும். பின்னணியை அளவுக்கு மீறி ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக்கினாலும் கோட்டை மேஜைமேல் வைத்த மாடலாகிவிடும்.

இதற்கெல்லாம் எப்போதும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றில்லை. 2001இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் கேமராவுக்குப் பக்கத்திலும் குள்ள இனத்து ஃப்ரோடோ தள்ளியும் உட்கார்ந்ததால்தான் ஒருவர் பெரியவராகவும் மற்றவர் குள்ளமாகவும் தெரிந்தார்கள். கேமரா நகர்ந்தால் வித்தை குலைந்துவிடும் என்பதால், கேமராவோடு நடிகரின் இருக்கையையும் சேர்த்து நகர்த்தினார்கள். நம் ஊரில் 1957இலேயே வந்த 'மாயாபஜார்' படத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ஒளியை வைத்தே நிலா வெளிச்சத்தை வரவழைத்தார்.

படம் எடுக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "போஸ்ட்ல (படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலையில்) பாத்துக்கலாம்" என்று நகராதீர்கள். ராட்சசன் வரும் இடத்தில் அவன் முக உயரத்துக்கு ஒரு கம்பு நட்டு, நுனியில் பந்தைக் கட்டுங்கள். ஹீரோ அதைப் பார்க்கட்டும். இல்லையென்றால் அவர் ராட்சசனின் இடுப்பைப் பார்த்து சவால் விடுவார். ராட்சசனின் நிழல் விழ வேண்டிய இடத்தில் வெயிலைக் கறுப்புத் துணியால் மறையுங்கள். பிரகாசமாக எடுத்த முகத்தில் பிறகு நிழலை நம்பும்படி வரவழைப்பது பெரும்பாடு. அவன் கால் பதிக்கும்போது புழுதி கிளம்ப வேண்டுமா? நிஜப் புழுதியையே ஊதுங்கள். டேக் முடிந்ததும் குரோம் பந்தையும் சாம்பல் பந்தையும் அதே இடத்தில் பிடித்து ஒரு தடவை எடுங்கள்; அங்கே வெளிச்சம் எப்படி விழுந்தது என்று அவை காட்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் முதலில் விட்டுப்போவது இதுதான். அதுவும் முடியவில்லையா, லென்ஸ், கேமரா உயரம், சூரியன் இருந்த பக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.