ஒன்று கேட்கிறது, மற்றொன்று ஒளிகிறது

எரிபொருள் மின்கலத்தையும் சோனாரையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார் ஒரு கல்லூரி மாணவி. ஒன்று மின்சாரம் தயாரிப்பது, மற்றொன்று ஒலியால் துழாவுவது. இவற்றில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று முதலில் சலித்துக்கொண்டேன். பிறகுதான் நீர்மூழ்கிக் கப்பல் நினைவுக்கு வந்தது. அங்கே இரண்டும் நேரெதிராக நிற்கின்றன.

சோனார் பலருக்கும் தெரிந்ததுதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருந்தால் எதிரி இருக்கும் தூரம் தெரியும். ஆனால் நாம் இருக்குமிடமும் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதில் முதலில் விழுவது டீசல் எஞ்சின் இரைச்சல். பேட்டரி தீர்ந்தால், நீர்மட்டத்துக்கு மேலே குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, அந்த எஞ்சினை ஓட்டியே ஆக வேண்டும்.

ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிகளில், கப்பலிலேயே சேமித்த ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு ஓடும் எரிபொருள் மின்கலம் இருப்பதால் இந்த அவசரம் இல்லை. 2013-இல் அவற்றில் ஒன்றான யு-32, 18 நாட்கள் மேலே வராமலே பயணம் செய்தது.

அந்த மின்கலத்தில் என்னை மயக்குவது நடுவிலுள்ள மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன், புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் விடும். வழி கிடைக்காத எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது, அதுதான் மின்சாரம். சரி, புரோட்டான் எப்படிக் கடக்கிறது? நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் காசு கைமாறிக் கண்டக்டரிடம் போகுமே, அப்படி. சவ்வில் ஊறியிருக்கும் நீர் மூலக்கூறுகள்தான் பயணிகள். ஆனால் இவர்கள் விசித்திரமானவர்கள்: வந்த காசைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தன் காசை எடுத்து அடுத்தவரிடம் நீட்டுகிறார்கள். இந்தப் பக்கம் நுழைந்த புரோட்டானேதான் அந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதில்லை! சவ்வு உலர்ந்தால் கைமாற்றல் படுத்துவிடும்.

மறுபக்கம் புரோட்டானும் எலக்ட்ரானும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன. வெடிப்பு இல்லை, பிஸ்டன் இல்லை. ஒரு கலம் தருவது சுமார் 0.7 வோல்ட், டார்ச் பேட்டரியில் பாதிகூட இல்லை. அதனால் வரிசையாக அடுக்குகிறார்கள்.

நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ, சவ்வுக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட கலத்தை உருவாக்கி, 2021 மார்ச்சில் தரையில் ஓட்டிக் காட்டியது. ராக்கெட் ஏவினால் நாடே கைதட்டுகிறது. ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்காக மின்முனைப் பூச்சோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதில் கால்வாசி கவனமும் பணமும் போனால் போதும் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் பிறகு கப்பல் முழு ஊமையாகிவிடாது. குளிர்விக்கும் பம்பு முனகும், வேகம் கூடினால் சுழலி நீரைக் கிழிக்கும். சோனார்க்காரர் இப்போது காது கொடுப்பது அவற்றுக்குத்தான்.