அப்ரூவர் என்றால் ஒப்புதல் அளிப்பவரா?

"கைதானவர்களில் ஒருவர் ஒப்புதல் அளிப்பவராக மாறினார்." தொடர் கொலை வழக்குகளைப் பற்றிய நிகழ்ச்சிகளின் தமிழ் வசன வரிகளில் இந்த வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. எதற்கு ஒப்புதல் அளித்தார், கொலைக்கா? மூலத்தில் இருப்பது அப்ரூவர் என்ற ஆங்கிலச் சட்டச் சொல். அப்ரூவ் என்றால் ஒப்புதல், ஆகவே அப்ரூவர் என்றால் ஒப்புதல் அளிப்பவர். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே புரோபாரே என்றால் சோதித்து மெய்ப்பித்தல். பழைய பிரெஞ்சு வழியாக அது இங்கிலாந்துக்குப் போனது. இடைக்கால இங்கிலாந்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன்தான் அப்ரூவர். சொன்னதை அவன் மெய்ப்பிக்க வேண்டும், சில நேரம் அந்தக் கூட்டாளியோடு நேருக்கு நேர் சண்டையிட்டே. தோற்றால் தூக்கு. வேர்க்கதை இவ்வளவுதான்.

இந்தியச் சட்டத்தில் இதன் பொருள் தெளிவானது. குற்றத்தில் பங்கிருந்த ஒருவர் தனக்குத் தெரிந்த அனைத்தையும் முழுமையாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு வழங்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 306-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 343. மன்னிப்பு கிடைத்த மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கனவே ஜாமீனில் இல்லாதவர் வழக்கு முடியும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும்.

கோலாப்பூர் வழக்கைப் பாருங்கள். அஞ்சனாபாய் காவித்தும் அவருடைய மகள்கள் ரேணுகா ஷிண்டே, சீமா காவித்தும் 1990 முதல் 1996 வரை மகாராஷ்டிரத்தில் சிறு குழந்தைகளைக் கடத்தினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பணப்பை அடித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், மாட்டினாலும் குழந்தையைக் காட்டித் தப்பிக்கலாம். அப்புறம் அந்தக் குழந்தைகளில் சிலரைக் கொன்றார்கள். தாய் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார். மகள்களுக்கு 2001-இல் மரண தண்டனை, 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கருணை மனுவை முடிவுசெய்ய ஆன தாமதத்தால் 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இந்த வழக்கில் அப்ரூவர் ஆனவர் ரேணுகாவின் கணவர். அவர் எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், மன்னிப்பு பெற்றார்.

செய்தித்தாள்கள் இவரைப் போன்றவர்களை 'அரசுத் தரப்பு சாட்சியாக மாறினார்' என்று எழுதும். பொய் இல்லைதான். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரும் அரசுத் தரப்பு சாட்சி, பொருள்களைப் பறிமுதல் செய்யும்போது காவல்துறை எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டவரும் அரசுத் தரப்பு சாட்சி. அவர்களோடு கொலைக்குத் துணைபோனவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் வாசகருக்கு என்ன புரியும்?

'உடந்தைச் சாட்சி' என்று சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. உடன் என்பதிலிருந்து வந்த உடந்தை நல்ல தமிழ், எல்லோருக்கும் தெரிந்த சொல். பல பொருள் தரும் கூட்டாளியைவிட எவ்வளவோ மேல். கூட்டாளி என்றால் கடையில் பங்கு போட்டவரும் கூட்டாளிதானே. ஆனால் உடந்தையாக இருந்த எல்லோரும் அப்ரூவர் அல்ல. காவல்துறை குற்றம்சாட்டாமலே விட்ட உடந்தையாளரும் கூண்டேறிச் சாட்சி சொல்லலாம், சட்டம் தடுக்கவில்லை. இவர் உடந்தையாளர், சாட்சியும்கூட, ஆனால் மன்னிப்பு பெற்றவர் அல்ல. அப்ரூவரையும் உடந்தைச் சாட்சி என்று எழுதிவிட்டால் இவரை என்னவென்று எழுதுவது? இரண்டு நிலைகளுக்கு ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, பிறகு அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதுவதுதான் நம் கலைச்சொல்லாக்கத்தின் தீராத வியாதி.

மலையாளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மாப்புசாட்சி என்பார்கள், சொல்லிலேயே மன்னிப்பு இருக்கிறது. நமக்கும் மன்னிப்புச் சாட்சிதான் சரி. மன்னிப்பு கேட்டவர் என்று தோன்றுமே என்பார்கள். பொதுமன்னிப்பு என்று படிக்கும்போது யாராவது அப்படி நினைக்கிறார்களா? சாட்சி வடசொல், சான்றர் என்று போடு என்பது இன்னொரு கட்சி. போடுங்கள், சண்டை இல்லை. ஆனால் முன்பு சொன்னதை மாற்றி நீதிமன்றத்தில் பல்டி அடிப்பவருக்குப் பிறழ் சாட்சி என்ற சொல் ஊன்றிவிட்டது, அதன் பக்கத்தில் மன்னிப்புச் சாட்சி பொருத்தமாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் செய்தியாளர்களுக்கும் வேறுபாடு கண்ணில் படும்.

தலைப்பில் இடமில்லை என்றால் அப்ரூவர் என்றே போடலாம், அது பேச்சில் கலந்த சொல். ஆனால் உண்மையை மறைத்தால் மன்னிப்புச் சாட்சியின் மன்னிப்பு பறிபோகும், பழைய குற்றத்துக்கே அவர் மீண்டும் விசாரிக்கப்படலாம். அந்தச் செய்தியை 'ஒப்புதல் அளிப்பவர்' என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.