கெம்போங் வயிற்றில் சுருண்டிருக்கும் புழு

பினாங்கு ஆயர் ஈத்தாம் பாசாரில் வாங்கிய ஒரு கிலோ கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி) கழுவிக்கொண்டிருந்தேன். குடலை வெளியே இழுத்ததும் அதன்மேல் வெள்ளைச் சுருள்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவுதான். பழைய கைக்கடிகாரத்து ஸ்பிரிங்கைப் போலத் தட்டையாகச் சுருண்டு, மெல்லிய உறைக்குள் கிடந்தன. எட்டிப் பார்த்த அம்மா, "மீனு கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்றார்.

மீன் கெடவில்லை. செவுள் சிவப்பாகவும் கண் பளபளப்பாகவும் இருந்தன. ஈ மொய்த்து வந்த புழு அல்ல இது. மீன் கடலில் நீந்திக்கொண்டிருந்தபோதே உள்ளே இருந்தது.

அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்பருவம் இது. இதன் சொந்த வீடு மீன் அல்ல. டால்பின், திமிங்கிலம் போன்றவற்றின் இரைப்பை. வளர்ந்த புழு அங்கேதான் இனம்பெருக்குகிறது. முட்டைகள் மலத்தோடு கடலில் கலந்து, பொரித்துவரும் குஞ்சுப் புழுவைக் கூனி போன்ற மிகச்சிறிய உயிர்கள் விழுங்குகின்றன. அவற்றை மீன் தின்கிறது. புழு மீனின் இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போய்ச் சேரும். மீனின் உடல் சும்மா விடுமா? தன் திசுவாலேயே அதைச் சுற்றிக் கூடு கட்டி அடைத்துவிடுகிறது. நான் பார்த்த உறை அதுதான். அந்தக் கெம்போங்கைத் தெங்கிரி (வஞ்சிரம்) என்ற பெரிய மீன் தின்றால், புழு தெங்கிரியின் உடலிலும் அதேபோலச் சுருண்டுகொள்ளும். ஆனால் வளராது.

டால்பினுக்குள் வந்துவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? முக்கியமான அடையாளம் சூடு. பினாங்குக் கடல் நீர் ஏறக்குறைய 30 டிகிரி. மீனின் உடலும் கிட்டத்தட்ட அதே சூடுதான். டால்பினின் உடலோ ஏறத்தாழ 37 டிகிரி. அந்தச் சூடும், இரைப்பை அமிலமும், அங்கே கூடுதலாக உள்ள கரியமில வாயுவும் சேரும்போது புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகிறது. ஒரு சுருளை உறையிலிருந்து பிரித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சற்று நேரத்தில் மெல்ல அவிழ்ந்தது. நூல் மாதிரி நீண்டு, ஒரு முனையைத் தூக்கித் தூக்கி எதையோ தேடியது. அதைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பு போய், வியப்புதான் வந்தது.

சிக்கல் என்னவென்றால், நம் உடலும் 37 டிகிரிதான். பச்சை மீனோடு உயிருள்ள புழு உள்ளே போனால், அது இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடுமையான வலியும் வாந்தியும் வரலாம். எண்டாஸ்கோப்பி வழியே புழுவைப் பிடித்து எடுத்தால் வலி அடங்கும். மனிதனுக்குள் இது முழுதாக வளராது. சில நாள்களில் செத்துவிடும். நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தின்றவர்களிடம் இந்த நோயைக் கண்டறிந்து 1960இல் எழுதினார்கள். அந்த மீனை உறைய வைத்தே விற்க வேண்டும் என்று 1968இல் அங்கே சட்டம் வந்தது. நோயும் வெகுவாகக் குறைந்தது.

எலுமிச்சைச் சாறு பிழிந்தால் புழு செத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. சரவாக்கில் பச்சை மீனில் செய்யும் உமாய் மாதிரி, புளிப்பில் ஊறிய மீனின் சதை வெந்ததுபோல வெளுக்கும். ஆனால் இரைப்பை அமிலத்தில் வாழவென்றே பிறந்த புழுவுக்கு எலுமிச்சைப் புளிப்பு எம்மாத்திரம்? அதைக் கொல்வது சூடும் கடுங்குளிரும். மீனின் நடுச்சதை 60 டிகிரியில் 1 நிமிடமாவது வேக வேண்டும். பச்சையாகச் சாப்பிடுவதென்றால், மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஐஸ்பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது. நம் மீன் கறிக்கும் பொரியலுக்கும் இந்தக் கவலை வேண்டாம். ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: இப்புழுவின் சில புரதங்கள் வெந்தாலும் அழிவதில்லை.

இன்னொன்று. சில மீன்களில், மீன் செத்தபின் புழு குடலை விட்டுச் சதைக்குள் நகரும். அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. "அண்ணே, குடலை எடுத்துட்டு ஐஸ் போட்டுக் கொடுங்க" என்று பாசாரிலேயே சொல்லிவிடுகிறேன்.