மிச்ச நூலில் போர்வையா? நிறத்துக்கு முன் நூலைப் பாருங்கள்

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே பழகியவர் வீட்டில் எங்காவது ஒரு பை நிறைய மிச்ச நூல் இருக்கும். தொப்பிக்கு வாங்கியதில் பாதி, பொம்மைக்கு வாங்கியதில் கால்வாசி, ஆசைப்பட்டு வாங்கித் தொடாமலே வைத்த ஒன்று. இதையெல்லாம் சேர்த்துக் கோடு கோடாக ஒரு போர்வை பின்னிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. நல்ல யோசனைதான். ஆனால் "டீச்சர், இது ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்று என் வகுப்புக்குக் கொண்டுவரப்படும் பொருள்களில் முதலிடமும் இந்தப் போர்வைக்குத்தான். பின்னி முடித்த அன்று அழகாக இருந்ததாம். கெட்டுப்போனது முதல் சலவையில்.

எல்லோரும் என்னிடம் கேட்பது நிறத்தைப் பற்றி. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வரலாமா என்றால், தாராளமாக வரலாம். உறுத்தினால் நடுவில் இரண்டு வரிசை வெள்ளையோ சாம்பல் நிறமோ விட்டால் சரியாகிவிடும். ஒத்துப்போகாதது நூலின் இனம். கம்பளியை வெந்நீரில் அலசிக் கசக்கினால் சுருங்கி இறுகிவிடும். பருத்தி தன் எடையிலேயே தொய்யும், ஈரத்தில் இன்னும் அதிகமாக. செயற்கை இழையான அக்ரிலிக்குக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் பின்னினால் ஒரு கோடு சுருங்கும், அடுத்தது தொங்கும், ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்துவிடும். அதன்பிறகு பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுருங்கி ஒட்டிய கம்பளியைப் பிரிக்கவும் முடியாது.

லேபிள் தொலைந்த நூல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் 'உல்லன்' என்று கேட்டு மலிவாக வாங்கியதென்றால் அது அநேகமாக அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சட்டென்று பற்றிக்கொண்டு, காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை விலக்கினால் அணைந்துவிடும். முடி கருகும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுத்து, ஆறியதும் நசுக்க முடியாத மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டு அடையாளமும் தெரியும். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், இந்தப் போர்வைக்கு வேண்டாம்.

அடுத்தது தடிமன். ஸ்கேலின் மீது நூலை நெருக்கமாக, ஆனால் இழுக்காமல், ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாகவோ ஒன்று முன்பின்னாகவோ இருந்தால் சேர்க்கலாம். மெல்லிய நூலை இரட்டையாகப் பிடித்தும் ஈடுகட்டலாம். பருத்தியில் சிவப்பும் கருநீலமும் சாயம் விடும் ஆசாமிகள். நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

இனி பின்னல். அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் குட்டைத் தையலைப் பிரிட்டிஷார் டபுள் என்பார்கள்; நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு, அதில் டபுள் என்பது உயரமான தையல். மிச்ச நூலுக்கு என் முதல் தேர்வு கிரானி கோடு. முந்தைய வரிசையின் இடைவெளிக்குள் மும்மூன்று டபுள் குரோஷே, அவ்வளவுதான். வேகமாக வளரும், கை சற்று இறுகினாலும் தளர்ந்தாலும் காட்டிக்கொடுக்காது. மாஸ் பின்னலில் ஒரு சிங்கிள், ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி) என்று மாறி மாறி வரும். நெருக்கமாக, தட்டையாக அமையும், ஆனால் பொறுமை வேண்டும். அலைப் பின்னல் பார்க்கக் கொள்ளை அழகு, நூலைக் கொள்ளையாகத் தின்னும். மேட்டில் கூட்டுவதும் பள்ளத்தில் குறைப்பதும் ஒரு தையல் பிசகினாலும் போர்வை கோணிவிடும். பை நிறைய நூல் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

வரிசையின் பாதியில் நூல் தீர்ந்துபோகிறதே என்று புலம்பாதவர் இல்லை. சமையலறைத் தராசு போதும். ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் நூல் உருண்டையை நிறுங்கள். வித்தியாசம் 7 கிராம் என்றால், 20 கிராம் உருண்டையில் இரண்டு வரிசைதான் தேறும். மீதி 6 கிராமைப் பார்த்து ஆசைப்பட்டு மூன்றாவதைத் தொடங்காதீர்கள். அந்தத் துணுக்குகளைச் சிறு சதுரங்களாகப் பின்னி இணைக்கலாம். 2016 ஜனவரியில் சென்னையில் கின்னஸ் சாதனை படைத்த 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வைகூட, பலர் தனித்தனியே பின்னியவற்றை இணைத்து உருவானதுதான்.

நிறம் மாற்றும் இடத்தில் பலர் வரிசையை முடித்து, நூலை வெட்டி, புதியதை முடிச்சுப் போடுகிறார்கள். அக்ரிலிக் வழுக்கும், முடிச்சு ஒருநாள் அவிழும். கடைசி டபுள் குரோஷேயில் ஊசியில் இரண்டு கண்ணி மிஞ்சும்போது நிறுத்துங்கள். பழைய நூலை விட்டுவிட்டுப் புதிய நூலை அந்த இரண்டுக்குள்ளும் இழுங்கள். இரண்டு நுனியும் ஆறு அங்குலமாவது இருக்கட்டும். நுனி மழுங்கிய மொட்டைத் தையல் ஊசியில் கோத்து, பின்னலுக்குள் ஒரு திசையில் நுழைத்து, திரும்பி வந்து, மறுபடியும் முதல் திசையில் போக வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் நுனியெல்லாம் ஒரே ஓரத்தில் சேரும். அன்றன்றைக்கு நுழைத்துவிடுவது நல்லது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் போர்வைகள் அலமாரியில் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கின்றன.

வெறும் டபுள் குரோஷே வரிசைகளாகப் பின்னுபவர்களுக்கு இன்னொன்று. திரும்பும்போது போடும் மூன்று செயின் முதல் தையலாகக் கணக்கில் வரும். அடுத்த வரிசையின் கடைசித் தையல் அதன் உச்சியில் விழ வேண்டும். அதை விட்டுக்கொண்டே போனால் 100 தையலில் தொடங்கியது நாற்பது வரிசையில் 60 ஆகிவிடும்.

பேரக்குழந்தைக்கு என்று பின்னுபவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடினால் விலக்க அதற்குத் தெரியாது. கிரானி கோட்டின் ஓட்டைகளில் விரல் மாட்டும். சரியாக நுழைக்காத நுனி கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும். குழந்தை அழும், காரணம் புரியாமல் வீடே கிரைப் வாட்டர் தேடும். ஆகவே மாஸ் பின்னலில் நெருக்கமாகப் பின்னுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

அக்ரிலிக் மீது சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. இழை தளர்ந்து துவண்டுபோகும், திரும்ப எழாது. பரிசாகக் கொடுப்பதானால் 'அக்ரிலிக், குளிர்ந்த தண்ணீர், இஸ்திரி வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். துவைக்கப்போவது நீங்கள் இல்லை.