இலைக்கு நிறம் வந்த வழி

நர்சரியில் பார்த்தபோது அந்தக் குரோட்டன்ஸ் தீப்பிடித்த மாதிரி இருந்தது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் ஒரே செடியில். ஆசையாக வாங்கி வந்து கூடத்து மூலையில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புதிதாக விட்ட இலைகள் எல்லாம் வெறும் பச்சை. வாட்டம் இல்லை, பூச்சி இல்லை. உரம் போட்டேன், இன்னும் பச்சையானது. கடைசியில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், காலை வெயில் நன்றாக விழும் இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்தடுத்து வந்த இலைகளில் நிறம் ஏறியது.

இப்போதெல்லாம் இலையழகுக்காக ஒரு செடி வாங்கும் முன், இந்த நிறம் எதனால் வந்தது என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைத்துவிட்டால் அதை வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா, எந்த மாதத்தில் அழகாக இருக்கும், எப்படிப் பெருக்குவது என்பதெல்லாம் ஓரளவு தானே தெரிந்துவிடும்.

இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால். சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் அது அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது, பச்சையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. மிஞ்சும் அந்தப் பச்சைதான் நம் கண்ணுக்கு வருகிறது. கூடவே கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமியும் எல்லா இலையிலும் உண்டு, ஆனால் பச்சையம் அதை மூடி மறைத்துவிடும். சிவப்பும் கருஞ்சிவப்பும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமியின் வேலை. இது செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்திருக்கும். சிவப்பு இலையில் பச்சையம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அதன் மேல் ஒரு சிவப்புத் திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் திரையை நெய்யச் செடிக்குச் சர்க்கரையும் வெளிச்சமும் வேண்டும். வெளிச்சம் குறைந்த மூலையில் செடிக்குத் திரையும் தேவையில்லை, அதற்குச் செலவழிக்க வரவும் இல்லை. கிடைக்கிற ஒளியைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. என் குரோட்டன்ஸ் செய்தது இதைத்தான். ஆகவே சிவப்பு, ஊதா இலைச்செடிகளுக்கு முதல் இடம் வெளிச்சம் உள்ள பக்கம். கோலியஸுக்கும் இது பொருந்தும், ஆனால் உச்சி வெயிலில் அது வெளிறிப்போகும். காலை வெயில் போதும். கோலியஸ் நம் கற்பூரவல்லிக்குச் சொந்தக்காரன். தண்டைத் தொட்டுப் பாருங்கள், துளசியைப் போலவே நாலு பட்டையாக இருக்கும். பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். விட்டால் செடி தன் சத்தை விதைக்கு அனுப்பத் தொடங்கி, இலை சிறுத்துவிடும்.

குரோட்டன்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். பல வகைகளில் இளம் இலை மஞ்சளும் பச்சையுமாக வந்து, முதிர முதிரத்தான் சிவக்கும். புது இலை பச்சையாக இருக்கிறதே என்று உடனே பதற வேண்டாம். இடம் மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்கி மாற்றுங்கள். திடீரென்று தூக்கி வைத்தால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டிவிடும்.

எல்லாச் சிவப்பும் ஆந்தோசயனின் இல்லை. சிவப்புத் தண்டுக்கீரை, பீட்ரூட், கோழிக்கொண்டை, காகிதப் பூ இவற்றின் நிறம் பீட்டாலைன் என்ற வேறொரு வகை. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் இருப்பதை இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை. ஒரு செடிக் குடும்பம் ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிடுகிறது. அடுப்படியிலேயே வித்தியாசத்தைப் பார்க்கலாம். சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிறது. அது ஆந்தோசயனின், புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும். சிவப்புக் கீரை வெந்த நீரில் பிழிந்து பாருங்கள், சிவப்பு அப்படியே நிற்கும். தோட்டத்தில் நிறத்துக்கும் தட்டில் கூட்டுக்கும் ஆகிற செடி என்பதால் சிவப்புக் கீரைக்கு என் மாடியில் எப்போதும் ஒரு தொட்டி உண்டு.

சரி, பருவத்துக்கு வருவோம். குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் வசந்தம், இலையுதிர்காலம் என்று கணக்குப் போட்டுச் செடி தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்கு நமக்கு உதவாது. நம் ஊர் மரத்துக்கு நாள்காட்டி மழையும் வறட்சியும்தான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று முன்னோர் ஆறாகப் பிரித்தது இந்த மண்ணைப் பார்த்துத்தான். அதை வைத்தே தோட்டத்தைத் திட்டமிடலாம் என்பது என் எண்ணம்.

பின்பனிக்கு வாதாங்கொட்டை மரம். தை முடிந்து மாசி பிறக்கும் சமயத்தில் தெருவில் அதன் பெரிய இலைகள் ரத்தச் சிவப்பாக விழுந்து கிடக்கும். பெருக்குகிறவர்களுக்கு அது தொல்லைதான், ஆனால் நம் சமவெளியில் இலை சிவந்து உதிர்வதை இவ்வளவு அழகாகக் காட்டும் மரம் வேறு எனக்குத் தெரியாது. மண்ணில் ஈரம் குறையும்போது இலைகளை வைத்துக்கொள்வது மரத்துக்குச் செலவு. உதிர்க்கும் முன் பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் நைட்ரஜனைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சைத் திரை விலகியதும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது, அதன் மேல் புதிதாக ஆந்தோசயனின் சேர்ந்து சிவக்கிறது. தமிழில் இலை பழுக்கிறது என்று சொல்கிறோமே, எத்தனை சரியான சொல்! மரம் இதைத் திட்டமிட்டே செய்கிறது.

கொஞ்ச நாளில் வேறொரு சிவப்பு வரும். மாந்தளிர். பட்டுப்புடவைக்கும் பெயராகிவிட்ட நிறம் அது. அரசு துளிர்க்கும்போது செம்பு நிறம், நெட்டிலிங்கத்துக்குப் பளபளக்கும் பழுப்பு. உண்மையான அசோக மரத்தில் செந்தளிர்கள் துவண்டு கொத்தாகத் தொங்கும். பாதி நூல் பிரிந்த துணி மாதிரி. சில வாரங்களில் எல்லாம் விறைத்துப் பச்சையாகிவிடும்.

பிஞ்சு இலைக்கு ஏன் சிவப்பு? இரண்டு விளக்கங்கள் உண்டு. பிஞ்சு இலையில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்கள் இன்னும் முழுதாக வளரவில்லை. நம் வெயில் நேராக அடித்தால் பயன்படுத்த முடியாத ஒளி உள்ளே சேதம் செய்யும், அதனால் சிவப்புத் திரை ஒரு குடை. தொங்கிக்கொண்டிருப்பதும் அதே காரணத்துக்குத்தான் என்கிறார்கள். இன்னொரு விளக்கம் பூச்சி. மெல்லிய இலை புழுவுக்கு விருந்து, ஆகவே உறுதியாகும் வரை அதில் விலையுயர்ந்த பச்சையத்தை முதலீடு செய்யாமல் மரம் தள்ளிப்போடுகிறது. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று தோன்றுகிறது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். மாவையும் வாதாங்கொட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குருத்தும் பழுப்பும் ஒரே சாயத்தைப் பூசிக்கொண்டு நிற்பது தெரியும்.

தொட்டியில் மாமரமா என்று கேட்காதீர்கள். இடம் உள்ளவர்கள் வாசலில் ஒன்று வையுங்கள், பழத்துக்காக மட்டும் என்று நினைக்காமல் தளிருக்காகவும்.

முன்பனிக்கு என் தேர்வு பாயின்செட்டியா. மெக்சிகோவிலிருந்து வந்த செடி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரப் புதராகவே வளர்கிறது. மார்கழியில் உச்சியில் சிவப்பது பூ இல்லை, இலைகள்தான். நடுவில் குட்டியாக மஞ்சளாக இருப்பவை பூக்கள். இந்தச் செடி இரவை அளக்கிறது. இருட்டு தொடர்ந்து ஏறத்தாழ 12 மணி நேரத்தைத் தாண்டத் தொடங்கினால் பூக்க முடிவு செய்யும். சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன மாற்றத்தையும் இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமியின் உதவியால் அது கண்டுகொள்கிறது. புரட்டாசியில் பகலும் இரவும் சமமாகி, அப்புறம் இரவு நீள ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பு முழுமையாகும். செடிகள் நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்று அமெரிக்க அறிவியலாளர்கள் கார்னரும் அல்லார்டும் 1920இல் எழுதினார்கள். நமக்கு அதில் வேண்டிய செய்தி ஒன்று: தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் பாயின்செட்டியா வைக்காதீர்கள். இரவு உடைந்தால் அதன் கணக்கும் உடைந்துவிடும், பச்சையாகவே இருக்கும்.

மழைக்காலத்துக்குக் கலேடியம். சேப்பங்கிழங்கின் உறவு, தென்னமெரிக்கப் பிறப்பு. மெல்லிய இலையில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒளி ஊடுருவித் தெரியும். மழை நின்று வறட்சி வந்ததும் இலைகள் சாய்ந்து மறையும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்க்காதீர்கள், கிழங்கு உறங்குகிறது. தண்ணீரை நிறுத்தி ஓரமாக வைத்தால் கோடை மழைக்குத் துளிர்க்கும். சின்னக் குழந்தைகளும் வாயில் போட்டுப் பார்க்கும் நாய்க்குட்டிகளும் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாமல் வையுங்கள். இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, நாக்கு அரிக்கும்.

இதுவரை சொன்னது சேர்த்த நிறம். இல்லாமையால் வரும் நிறமும் உண்டு. வெள்ளிப் புள்ளி போட்ட பிகோனியாக்கள் பலவற்றில் அந்த வெள்ளி எந்தச் சாயமும் இல்லை. மேல்தோலுக்கும் அடியில் உள்ள பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று தங்கி, ஒளியைத் திருப்பி அடிக்கிறது. நிழலிலும் இந்த வெள்ளி கலையாது. வீட்டுக்குள் வைக்க ஏற்றது.

வெள்ளை வரி, மஞ்சள் விளிம்பு விழுந்த பல செடிகளில் அந்தப் பகுதிக்குப் பச்சையமே இல்லை. அது உழைக்காமல், பச்சைப் பகுதி சமைத்ததைச் சாப்பிடுகிறது. அதனால்தான் இத்தகைய செடிகள் மெதுவாக வளர்கின்றன, கடும் வெயிலில் அவற்றின் வெள்ளைப் பகுதி சீக்கிரம் கருகுகிறது. முழுப் பச்சையாக ஒரு கிளை புறப்பட்டால் உடனே வெட்டிவிடுங்கள். அதற்கு உணவு கூடுதல், விட்டால் ஒரே வருடத்தில் மொத்தச் செடியையும் பிடித்துக்கொள்ளும்.

மஞ்சள் விளிம்பு போட்ட பாம்புக் கற்றாழையின் இலைத்துண்டை பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வாங்கி நட்டார். நன்றாக வேர்விட்டது, ஆனால் வந்த குட்டிகள் ஒன்றிலும் மஞ்சள் இல்லை. "நீ வேற செடி குடுத்துட்டியா?" என்று கேட்டார். அதே செடிதான். இந்த வகைக்குக் கைமீரா என்று பெயர். ஒரே உடலில் இரண்டு வகைச் செல்கள் அடுக்காக ஒட்டி வாழ்கின்றன. இலைத்துண்டிலிருந்து புதுக்கன்று முளைக்கும்போது அந்த அடுக்கு கலைந்து, பச்சை வகை மட்டும் எழுகிறது. மஞ்சள் விளிம்பு வேண்டுமென்றால் அடியில் கிழங்கோடு பிரித்து வைக்க வேண்டும். மறுநாள் அவருக்கு அப்படியே ஒரு கன்று பிரித்துக் கொடுத்தேன்.

இந்த வெளிறல் விதை வழியாக எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்க உதவியது நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் அந்தி மந்தாரை. சில அந்தி மந்தாரைகளில் ஒரே செடியில் பச்சைக் கிளை, வெளிறிய கிளை, இரண்டும் கலந்த கிளை மூன்றும் இருக்கும். ஜெர்மனியின் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் ஒரு கிளைப் பூவின் மகரந்தத்தை மற்ற கிளைப் பூவுக்குச் சேர்த்துப் பார்த்து 1909இல் முடிவை வெளியிட்டார். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் கன்றின் நிறம் மாறவில்லை, விதை காய்த்த கிளையையே அது பின்பற்றியது. பசுங்கணிகங்கள் இந்தச் செடியில் சூல் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன, மகரந்தம் அவற்றைத் தருவதில்லை. நிறம் முழுக்கத் தாய்வழிச் சொத்து.

அப்படி ஒரு செடி உங்கள் வீட்டில் இருந்தால், மிளகு போன்ற அதன் கறுப்பு விதைகளைக் கலந்த கிளையிலிருந்து எடுத்து விதையுங்கள். பச்சை, வெள்ளை, கலப்பு மூன்று வகைக் கன்றும் வரும். வெள்ளைக் கன்றுகள்தான் இருப்பதிலேயே அழகு. விதையில் தாய் வைத்தனுப்பிய உணவு தீரும் வரை சில நாள் நிற்கும்.