ரைசோம்: மண்ணுக்குள் படுத்துக்கிடக்கும் தண்டு

பொங்கல் நெருங்கினால் காரைக்குடிக் கடைத்தெருவில் மஞ்சள் கொத்து குவிந்துகிடக்கும். பானைக் கழுத்தில் கட்டுமுன் அதன் அடிப்பகுதியைக் கழுவிப் பாருங்கள். குண்டாக ஒரு தாய்க்கிழங்கு, அதன் விலாவிலிருந்து கிளைத்த விரலிகள். விரலி நெடுக வளையம் வளையமாக ஓடுபவை கணுக்கள். கணுவை ஒட்டி மெல்லிய செதில், செதிலுக்கு உள்ளே ஒரு மொட்டு. இப்படிக் கணு வைத்து வளர்வது தண்டுதான், வேர் அல்ல. மண்ணுக்குள் படுக்கைவாட்டில் வளரும் இந்தத் தண்டுதான் ரைசோம். நிஜமான வேர்கள் அதன் அடியில் நார்நாராகத் தொங்கும். இஞ்சி, சித்தரத்தை, வசம்பு, ஊருணித் தாமரை எல்லாம் இதே சாதி.

பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ரிஸா' என்றால் வேர், 'ரிஸோமா' வேர்த்திரள். ஆக, பெயர் வைத்தபோதே தண்டை வேர் என்றுவிட்டார்கள். 'வேர்த்தண்டு', 'வேர்த்தண்டுக்கிழங்கு' என்ற தமிழ்ச் சொற்களும் அதே வழியில் போகின்றன. பாடநூலில் உள்ள 'மட்டநிலத்தண்டு' எனக்கு மேலாகப் படுகிறது. கிடக்கும் வாட்டத்தையும் இடத்தையும் சொல்லிவிடுகிறதே! வெறும் 'கிழங்கு' சமையற்கட்டுக்குப் போதும், தாவரவியலுக்குப் போதாது. சர்க்கரைவள்ளி வேர், உருளை தண்டின் நுனி, சேனை கந்தம் (நிமிர்ந்த வாட்டில் பருத்த அடித்தண்டு), மஞ்சள் மட்டநிலத்தண்டு. நமக்கு நான்குமே கிழங்கு.

தத்துவத்துக்குள் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்களான ஜீல் டெல்யூஸும் ஃபெலிக்ஸ் கத்தாரியும். 1976இல் சிறு நூலாக வந்த கட்டுரை, 1980இல் 'ஆயிரம் பீடபூமிகள்' நூலின் முன்னுரையானது. மேற்கத்தியச் சிந்தனை மரத்தைப் போல யோசிக்கிறது என்பது அவர்கள் வாதம்: ஒரு வேர், ஒரு அடிமரம், அப்புறம் கிளை. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போக அடிமரத்துக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். ரைசோமில் எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியோடும் சேரலாம். தொடக்கமும் முடிவும் இல்லை, நடுதான் உண்டு. வெட்டினாலும் விட்ட இடத்திலிருந்தோ வேறு பக்கமாகவோ முளைக்கும். கோரை மண்டிய வயலில் உழுதவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்யாண வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு: 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்' வாழ்க என்று. மூன்றில் அருகும் மூங்கிலும் மட்டநிலத்தண்டால் பரவுபவை. ஆலோ விழுதிறக்கி, எது அடிமரம் என்றே தெரியாமல் செய்துவிடும் மரம். வாழ்த்திய நம் ஆட்கள் டெல்யூஸை முந்திவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது வம்சவிருத்தி, அது மர விவகாரம்தான்.

செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போது நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவியை ரைசோம் என்று சொல்லிவிட ஆசைப்படலாம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கிட்டங்கிகள், அதாவது கடைகள் சேர்ந்திருக்கும் பொதுக் கட்டடங்கள். ஒரு கடை இன்னொரு கடைக்குக் கடன் கொடுக்கும், உண்டியல் (இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதும் சீட்டு) எழுதும். மாதாமாதம் கூடி நடப்பு வட்டி முடிவுசெய்வார்கள். மேலே அரசனோ தலைமை வங்கியோ கிடையாது. ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் நடத்த, போன மேலாள் (முகவர்) ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். குலத்தை ஒன்பது கோயில்களின் கீழ்ப் பிரிக்கும் ஒன்பது கோயில் பிரிவோ அப்பட்டமான மரம். மரத்தில் ரைசோம் துளிர்க்கும், ரைசோமிலும் மரம் முளைக்கும் என்று டெல்யூஸும் கத்தாரியுமே ஒப்புக்கொண்டதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

பர்மாவில் முளைத்தது அப்படியொரு மரம். 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறக்குறைய 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், 1938இல் 25 சதவீதமானது. கைமாறிக்கொண்டே இருந்த பணம் வயலாக நின்றுவிட்டது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது உண்டியலை மடித்து எடுத்துவரலாம், வயலை எடுத்துவர முடியுமா? சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகள் அதற்குப் பிறகும் நடந்தன.