ஒரே 'ப', ரெண்டு சத்தம்: மொழியியலுக்குள்ள ஒரு சின்ன எட்டு

தொண்டைல ரெண்டு விரல லேசா வச்சுக்கிட்டு 'அப்பா'ன்னு மெதுவா சொல்லிப் பாருங்க. 'அ'வுக்கு அதிரும், 'ப்ப' வந்ததும் அதிர்வு நின்னுடும், 'ஆ'வுக்கு மறுபடி ஆரம்பிக்கும். இப்ப 'தம்பி' சொல்லுங்க. 'ம்'ல இருக்குற அதிர்வு நிக்கவே நிக்காது, 'பி' முடியுற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும். ரெண்டுலயும் எழுதுறது அதே ப தான், உதடு மூடித் திறக்குறதும் அதே மாதிரி தான், ஆனா வெளிய வர்றது ரெண்டு வேற சத்தம். 'கிப்பு', 'கிம்பு'ன்னு இல்லாத ரெண்டு வார்த்தைய நான் இப்ப சும்மா உருவாக்கித் தந்தாலும் நீங்க சரியா தான் வாசிப்பீங்க, யாரும் சொல்லித்தராமலே.

மொழியியல்னா நிறைய மொழி பேசக் கத்துக்குறதுன்னு பல பேர் நினைக்குறாங்க. நம்ம வாய்க்கு நல்லா தெரிஞ்ச, ஆனா கேட்டா நம்மளால சொல்லத் தெரியாத விதிகள தோண்டி எடுக்குறது தான் அதோட வேலை. சொல் எப்படி கட்டப்படுது, வாக்கியம் எப்படி அமையுது, அர்த்தம் எப்படி மாறுதுன்னு தனித்தனி பிரிவு இருக்கு, ஆனா புதுசா வர்றவங்க சத்தத்துலேர்ந்து ஆரம்பிக்குறது சுலபம், ஏன்னா லேப் நம்ம வாயிலயே இருக்கு.

விதி இது தான்: வல்லினம் இரட்டிச்சா அதிர்வு இல்லாம வரும் (பக்கம், பட்டு, பத்து), தன்னோட இன மெல்லினத்துக்குப் பின்னாடி வந்தா அதிரும் (தங்கம், வண்டி, பந்து), ரெண்டு உயிருக்கு நடுவுல தனியா மாட்டுனா இளகிப் போயிடும் (பகல், வீடு, அது). 'பால்'ல சொல்லோட ஆரம்பத்துல அதிராம வர்ற அதே ப, 'பசும்பால்'னு சேர்ந்ததும் அதிருது பாருங்க. இடத்த வச்சே சத்தத்த சொல்லிடலாம்ங்கறதால இதெல்லாம் ஒரே ஒலியனோட மாற்றொலிகள்னு சொல்லுவாங்க. ஒலியன்னா அர்த்தத்த மாத்துற ஒலி. வலி, வளி, வழி மூணுலயும் ஒரே ஒரு ஒலி தான் மாறுது, அர்த்தம் மொத்தமா மாறிடுது, அதனால ல, ள, ழ மூணும் தனித்தனி ஒலியன்.

எது ஒலியன்ங்கறத ஒவ்வொரு மொழியும் தானே முடிவு பண்ணும். ஹிந்தில சாதாரண பகரத்தோட 'பல்'னா கணம், அதே பகரத்த காத்து ஊதி சொன்னா பழம். ஆங்கிலத்துலயும் அந்த ஊதுற சத்தம் இருக்கு, வாய்க்கு நேரா ஒரு பேப்பர பிடிச்சு 'பின்' சொன்னா பேப்பர் ஆடும், 'ஸ்பின்'னுக்கு அவ்வளவா ஆடாது, ஆனா அங்க அர்த்தம் மாறாததால ஆங்கிலம் பேசுறவங்க காதுல அது விழுறதே இல்ல.

"தமிழ்ல ஒரே ஒரு க தானே இருக்கு, எழுத்து பத்தல"ன்னு யாராவது சொன்னா எனக்கு வருத்தமா இருக்கும். பிராமிங்கற பழங்கால இந்திய எழுத்த தமிழுக்குத் தக்கபடி மாத்துனவங்க வேண்டாத வரிவடிவங்கள விட்டுட்டு ழ, ள, ற, ன-வுக்கு புதுசா வடிவம் சேர்த்தாங்க. எந்த ஒலி அர்த்தத்த பிரிக்குதுன்னு கவனிச்சுக் கேட்ட காது இல்லாம இத செஞ்சிருக்க முடியாது.

ஆனா இந்தக் கணக்கு நிலையா நிக்குறதில்ல. 'ஐயோ பாவம்'ல வர்ற பாவத்தையும் பரதநாட்டியத்துல முகத்துல காட்டுற பாவத்தையும் அடுத்தடுத்து சொல்லிப் பாருங்க. எழுத்து அதே தான், ஆனா நம்மள்ல பல பேர் ரெண்டாவதுக்கு ஆரம்பத்துலயே தொண்டைய அதிர விடுறோம். வடமொழியும் ஆங்கிலமும் கொண்டுவந்த சொற்களால, இடத்த வச்சு சத்தத்த சொல்ல முடியாத ஒரு சோடி உள்ள வந்துடுச்சு. ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றவங்களும் இருக்காங்க. அப்படி ஒரே மாதிரி சொல்ற பாட்டியும், ரெண்டையும் பிரிச்சு சொல்ற பேத்தியும் ஒரே வீட்ல இருந்தா, பாட்டி பேச்சுல ப ஒரே ஒலியன், பேத்தி பேச்சுல ரெண்டு.